மேடை இருக்கிறது… புதுப் பாட்டு எங்கே?

ஆனி பிறந்து, பொதிகை மலை மேல் மேகம் கட்டி, பேரருவியில் தண்ணீர் ஆர்ப்பரித்து விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசி வட்டாரத்துக்கே ஒரு புதுத் தெம்பு வந்துவிடும். ‘சீசன் ஆரம்பிச்சாச்சு’ என்பதுதான் அந்த நாட்களில் டீக்கடை முதல் தாலுகா ஆபீஸ் வரை முதல் பேச்சு. மழையும் வெயிலும் மாறி மாறி வரும் அந்த சீசனில்தான் குற்றாலத்தில் சாரல் விழாவும் நடக்கிறது. கலைவாணர் கலையரங்கில் பரதம், கரகம், ஒயிலாட்டம், பட்டிமன்றம் எல்லாம் உண்டு. மெல்லிசை நிகழ்ச்சி இருக்கும் அன்றைக்கு மட்டும் கூட்டம் வேறு மாதிரி இருக்கும். ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு, நிற்க இடமில்லாமல் நின்று பார்ப்பார்கள்.

இந்த வட்டாரத்தின் அம்மன் கோயில் கொடைகளுக்கு ஒட்டப்படும் சுவரொட்டிகளைப் பார்த்தால் ஒரு மாற்றம் புரியும். முன்பெல்லாம் கச்சேரிக் குழுவின் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். இப்போது பாடகரின் படம், அதற்கு மேல் ‘சூப்பர் சிங்கர் புகழ்’ என்ற பட்டம். ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் சில வாரங்கள் நின்று பாடியது, ஒருவருக்கு வாழ்நாள் முகவரியாகிவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சின்ன ஊர்க்காரர்களுக்கும் அது திறந்துவிட்ட வழி மிகப் பெரியது.

ஆனால் அந்த மேடைகளில் ஒலிப்பவை யாருடைய பாட்டு? இளையராஜா மெட்டமைத்தது, ஏ.ஆர்.ரஹ்மான் மெட்டமைத்தது, எம்.எஸ்.வி. மெட்டமைத்தது. எல்லாம் உயர்ந்த பாட்டுகள்தான். பாடுகிறவர் புதியவர், பாட்டு பழையது. தமிழில் தொலைக்காட்சி நடத்திய பெரிய இசைப் போட்டிகள் ஏறக்குறைய எல்லாமே பாடகர்களுக்கு நடந்த போட்டிகள். பாட்டுக்கென்று அந்த அளவில் ஒரு போட்டி நமக்கு அமையவில்லை. குற்றாலக் குறவஞ்சியும் காவடிச்சிந்தும் பிறந்த மண்ணிலிருந்து பார்க்கும்போது அந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

உலகத்தின் மிகப் பழைய சர்வதேசத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி எப்படித் தொடங்கியது என்று பார்த்தால், நாம் எந்த இடத்தில் வேறு பாதைக்குத் திரும்பினோம் என்பது தெரியும்.

1956ஆம் ஆண்டு மே 24. சுவிட்சர்லாந்தின் தெற்குக் கோடியில், இத்தாலி எல்லையை ஒட்டிய ஏரிக்கரை ஊர் லுகானோ. அங்கிருந்த குர்சால் அரங்கில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி முதன்முதலாக நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து பதினொரு வருடம்தான் ஆகியிருந்தது. ஒருவர் மேல் ஒருவர் குண்டு போட்ட நாடுகள், ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்க்க முடியுமா என்ற சோதனை அது. ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்களின் ஒன்றியத்தில் 1955இல் இந்த யோசனையை முன்னெடுத்தவர் சுவிஸ் நாட்டு ஒலிபரப்பு அதிகாரி மார்செல் பெஸான்சோன். இத்தாலியில் 1951 முதல் நடந்துவந்த சான்ரெமோ பாட்டுத் திருவிழாதான் அதற்கு முன்மாதிரி.

முதல் ஆண்டில் ஏழு நாடுகள். ஒவ்வொன்றும் இரண்டு பாட்டு, ஆக மொத்தம் பதினான்கு. எல்லாம் புதிய பாட்டுகள், தனி ஒருவர் பாட வேண்டும், பின்னால் முழு வாத்தியக் குழு. தொலைக்காட்சிப் பெட்டி அப்போது வீட்டுக்கு வீடு கிடையாது என்பதால், பெரும்பாலானவர்கள் அதை வானொலியில்தான் கேட்டார்கள். ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இரண்டு நடுவர்கள். லக்ஸம்பர்க் தன் நடுவர்களை அனுப்பவில்லை. அவர்களுடைய ஓட்டையும் சுவிஸ் நடுவர்களே போட்டார்கள். அந்த ஒரு வருடம் மட்டும், தன் நாட்டுப் பாட்டுக்கே ஓட்டுப் போடவும் அனுமதி இருந்தது. சுவிட்சர்லாந்தின் லிஸ் ஆஸியா வென்றார். யாருக்கு எத்தனை ஓட்டு என்று இன்றுவரை வெளியிடப்படவில்லை. அந்த நிகழ்ச்சியின் முழுப் படச்சுருளும் கிடைக்கவில்லை. வென்ற பாட்டை அவர் மறுபடி பாடிய காட்சிதான் மிஞ்சியிருக்கிறது.

 

அடுத்தடுத்த வருடங்களில் யூரோவிஷன் தன் தவறுகளிலிருந்து விதிகளை உருவாக்கிக்கொண்டது. 1957இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் இத்தாலியின் பாட்டு ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஓடியது. ஒரு பாட்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்ற விதி அதன் பிறகு கண்டிப்பானது. அதே வருடம் ஓட்டுகள் தொலைபேசி வழியே வந்து, எல்லோரும் பார்க்கும்படி மதிப்பெண் பலகையில் ஏறின. தன் நாட்டுக்குத் தானே ஓட்டுப் போடும் வழக்கமும் அன்றோடு நின்றது. 1958இல் ஹில்வெர்சம் போட்டியில் இத்தாலியின் டொமெனிக்கோ மொடுக்னோ மூன்றாம் இடம்தான் பெற்றார். ஆனால் உலகம் முழுக்க ‘வொலாரே’ என்று அறியப்பட்ட அந்தப் பாட்டு, அடுத்த வருடம் அமெரிக்காவில் நடந்த முதல் கிராமி விழாவில் ஆண்டின் சிறந்த பாட்டுக்கான விருதை வாங்கியது. போட்டியில் தோற்ற பாட்டுக்கும் உயிர் உண்டு என்பதை அது முதலில் காட்டியது. 1969இல் மாட்ரிட்டில் நான்கு நாடுகள் சமமாக முதலிடம் பிடித்தன. சமநிலை வந்தால் என்ன செய்வது என்று யாரும் விதி எழுதியிருக்கவில்லை, நால்வரையுமே வெற்றியாளர்களாக அறிவித்தார்கள். மொழிச் சண்டையும் நடந்தது. 1965இல் ஸ்வீடன் ஆங்கிலத்தில் பாடியதும், அவரவர் மொழியில்தான் பாட வேண்டும் என்று அடுத்த வருடம் கட்டாயமாக்கினார்கள். பிறகு அதைத் தளர்த்தியிருந்த நேரத்தில், 1974இல் பிரைட்டனில், ஸ்வீடனின் ஆபா குழு ஆங்கிலத்தில் ‘வாட்டர்லூ’ பாடி வென்று உலகப் புகழ் பெற்றது.

இத்தனை மாற்றத்திலும் ஒரு விதி மட்டும் அசையவில்லை. பாட்டு புதிதாக இருக்க வேண்டும். விதிகளின்படி அது பாட்டை எழுதியவர்களுக்கும் மெட்டமைத்தவர்களுக்குமான போட்டி. பாடுகிறவர் அவர்களுடைய படைப்பை மேடையேற்றுகிறார்.

நம் கதை வானொலியில் தொடங்குகிறது. தென்காசி, சங்கரன்கோவில், கடையநல்லூர்ப் பக்கம் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் இலங்கை வானொலியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடல் தாண்டி வந்த அந்த அலைவரிசை நெல்லைச் சீமையில் தெளிவாகக் கேட்டது. கே.எஸ்.ராஜாவின் வேகமான குரலும், பி.எச்.அப்துல் ஹமீதின் திருத்தமான உச்சரிப்பும் அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். ஹமீது வானொலியில் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னர் சன் டி.வி.க்கு வந்தது. கொடுத்த எழுத்தில் தொடங்கும் பாட்டை உடனே பாட வேண்டும், பல்லவி பிசகினால் வெளியே. வெளிநாடுகளில் வாழும் தமிழர்கள் நடுவிலும் அது மேடை போட்டது. தமிழில் சர்வதேசம் என்று சொல்லத்தக்க பாட்டுப் போட்டிக்கு அதைத்தான் முதல் அடியாகச் சொல்ல வேண்டும். குரல் எப்படியிருந்தாலும், எத்தனை பாட்டு நினைவில் இருக்கிறது என்பதே அங்கே கணக்கு. அப்போதே நாம் திரைப்பாட்டை அளவுகோலாக வைத்துவிட்டோம்.

சன் டி.வி. 1993 ஏப்ரல் 14 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் ஏ.வி.ரமணன் நடத்திய ‘சப்தஸ்வரங்கள்’ தமிழ் வீடுகளுக்குள் பாட்டுப் போட்டியைக் கொண்டுவந்தது. இந்தியில் 1995இல் ஜீ டி.வி. ‘ச ரி க ம’வைத் தொடங்கியது, அதை நடத்தியவர் இளைஞர் சோனு நிகம். 1996இல் தெலுங்கில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் ‘பாடுதா தீயகா’வை ஆரம்பித்தார். தப்பாகப் பாடிய பிள்ளையையும் கை கொடுத்துத் தூக்கிவிட்டு, அந்தப் பாட்டு பதிவான கதையையும் சொல்லிக்கொடுக்கும் அவருடைய பாங்கு, நடுவர் என்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றைக்கும் இலக்கணம். பாட்டை எழுதியவர் பெயரையும் மெட்டமைத்தவர் பெயரையும் சொல்லாமல் அவர் எந்தப் பாட்டையும் கடந்துபோனதில்லை.

2006இல் விஜய் டி.வி.யில் ‘சூப்பர் சிங்கர்’ வந்தது. சின்மயி தொகுத்து வழங்க, ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன் நடுவர்களாக இருந்த அந்த முதல் போட்டியில் நிகில் மேத்யூ வென்றார். அடுத்து சிறுவர்களுக்கான முதல் பருவத்தில் கிருஷ்ணமூர்த்தி, பிறகு பெரியவர்களில் அஜீஷ், சிறுவர்களில் அல்கா அஜித். போட்டி ஒளிபரப்பாகும் இரவில் தெருவே அமைதியாகிவிடும் என்ற அளவுக்கு அது பரவியது. 2001இல் பிரிட்டனில் வந்த ‘பாப் ஐடல்’ உலகத்துக்குக் காட்டிய சூத்திரம் இங்கேயும் வேலை செய்தது. குரல் தேர்வில் வரிசையாக நிற்கும் ஆயிரக்கணக்கான பேர், பயிற்சி, கண்ணீர், வெளியேற்றம், மறுபடி உள்ளே வர ஒரு சுற்று, கடைசியில் மக்கள் ஓட்டு, பரிசாக அடுக்குமாடி வீடு. குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்தியநாதன் மூச்சை எப்படி எடுக்க வேண்டும், எந்த இடத்தில் குரலை அழுத்தக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததை வீட்டிலிருந்த பிள்ளைகளும் கேட்டுக் கற்றார்கள். பாட்டு வாத்தியார் இல்லாத ஊர்களுக்கு அது பெரிய உபகாரம்.

தென்காசிக்காரர்களுக்கு இன்னொரு ஜன்னலும் திறந்திருந்தது. ஆரியங்காவு கணவாய்க்கு அந்தப் பக்கம் மலையாளம். ஏஷியாநெட்டில் அதே 2006 வாக்கில் தொடங்கிய ‘ஐடியா ஸ்டார் சிங்கர்’ எல்லை தாண்டியும் ரசிகர்களைப் பிடித்தது. அதன் ஐந்தாவது பருவத்தில் வென்றவர் கல்பனா ராகவேந்தர். தமிழ்த் திரையில் பாடியும் நடித்தும் வந்த டி.எஸ்.ராகவேந்திராவின் மகள்.

பிறகு போட்டி உண்மையிலேயே சர்வதேசமானது. 2012இல் முடிந்த ‘சூப்பர் சிங்கர்’ சிறுவர் போட்டியில் அமெரிக்காவிலிருந்து வந்த பிரகதி குருபிரசாத் இறுதிச் சுற்றில் நின்றார். 2015இல் கனடாவின் ஜெசிக்கா ஜூட்ஸ் இரண்டாம் இடம் பெற்றார். பரிசாகக் கிடைத்த தங்கத்தை ஆதரவற்ற குழந்தைகளுக்குக் கொடுப்பதாக அதே மேடையில் அவர் தரப்பில் அறிவித்தபோது அரங்கம் எழுந்து நின்றது. 2023 டிசம்பரில் ஜீ தமிழின் ‘சரிகமப’ சிறுவர் போட்டியில் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா பட்டம் வென்றார். ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து பாட்டு இங்கே வந்தது. இப்போது யாழ்ப்பாணத்திலிருந்து குரல் வந்து வென்று திரும்புகிறது.

ஓட்டு விஷயத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். யூரோவிஷன் நாற்பது வருடம் நடுவர்களை மட்டும் நம்பியது. 1997இல்தான் ஐந்து நாடுகளில் தொலைபேசி ஓட்டைச் சோதித்தார்கள். அதிலும் சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போட முடியாது. பக்கத்து நாட்டுக்காரனின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். ‘சூப்பர் சிங்கர்’ மாதிரியான நம் போட்டிகள் எஸ்.எம்.எஸ். காலத்தில் பிறந்ததால், மக்கள் ஓட்டு தொடக்கத்திலிருந்தே கூட வந்தது. ‘நம்ம ஊர்ப் பிள்ளை’ என்று ஊரே சேர்ந்து போடுவதுதான் வழக்கம். அந்தப் பாசம் நல்லதுதான். ஆனால் அடுத்த ஊர்ப் பாட்டைக் கேட்கும் பழக்கத்தை அது வளர்க்கவில்லை.

பாட்டு கட்டியவருக்குப் பரிசு கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. தென்காசியை ஒட்டிய மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், குற்றாலத்தை வைத்துக் குறவஞ்சி பாடினார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம், மதுரையில் முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஆட்சி. குறவஞ்சிக்குப் பரிசாக நிலம் கிடைத்தது. ‘குறவஞ்சி மேடு’ என்றே அதற்குப் பெயரும் வந்தது. அந்தப் பாட்டுக்கு இருநூறு வருடம் கழித்தும் மேடை கிடைத்தது. 1944இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்ராவில் அதை நாட்டிய நாடகமாக்கினார். குறத்தி நடந்து வருவதும், மலையைச் சொல்வதும், குறி சொல்வதும், சிங்கன் அவளைத் தேடி அலைவதும் எல்லாமே பாட்டு. கூத்துக்காரரும் பாடலாம், ஓதுவாரும் பாடலாம் என்கிற மாதிரி மெட்டுகள்.

இன்றைய தென்காசி மாவட்டத்துக்குள் இருக்கும் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடினார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். காவடி தூக்கி நடக்கிறவனின் கால் எடுத்துவைக்கும் தாளத்திலிருந்து பிறந்த சந்தம் அது. இளம் வயதிலேயே அவர் மறைந்துவிட்டார். அவர் கட்டிய சிந்து கர்நாடக சங்கீத மேடையில் துக்கடாவாகவும் ஒலிக்கிறது, பாத யாத்திரையில் புழுதியோடும் ஒலிக்கிறது. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா, மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரை கேட்கப் பாடியவர். இருபத்தேழு வயதில் போய்விட்டார். அவர் காலத்து மக்கள் ஓட்டு ‘ஒன்ஸ்மோர்’. கேட்கும்போதெல்லாம் பாடியே ஆக வேண்டும். 

இதெல்லாம் பழம்பெருமை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தப் பக்கத்துக் கொடை ஒன்றில் மத்தியானம் போய் உட்கார்ந்தால் புதுப் பாட்டு பிறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். வில்லிசைக் கலைஞர் வீசுகோலால் நாணைத் தட்டுகிறார், மணிகள் குலுங்குகின்றன. பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், ‘ஆமா’ போட ஒருவர். சாமி கதை நடுவில் ஒரு சீட்டு வருகிறது, அன்பளிப்புக் கொடுத்தவரின் பெயரும் வேண்டுதலும் அதில் இருக்கும். அந்தப் பெயரை, அந்த வீட்டின் விசேஷத்தை, ஊரில் பெய்த மழையை, அதே மெட்டில் அதே நிமிடத்தில் கட்டிப் பாடுகிறார். எதுகை பிசகாது, தாளம் நழுவாது. இரவு அதே பந்தலுக்கு அடுத்த மேடையில் ஆர்கெஸ்ட்ரா. கீபோர்டுக்காரர் கேசட்டில் இருந்த இடையிசையை ஒரு சுரம் மாறாமல் வாசிக்கிறார். பாடகர் அந்தச் சங்கதியைப் பிடித்தாரா என்று கூட்டம் கூர்ந்து கேட்கிறது, பிடித்துவிட்டால் விசில் பறக்கிறது. இரண்டுமே உழைப்புதான். ஒன்றுக்குத் தொலைக்காட்சி வழி திறந்துவிட்டது, மற்றதற்குத் திறக்கவில்லை.

திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2018இல் செந்தில் கணேஷ் ‘சூப்பர் சிங்கர்’ பட்டத்தை வென்றார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த நாட்டுப்புறப் பாடகர். மனைவி ராஜலட்சுமியும் அதே போட்டியில் பாடினார். திரைப்பாட்டே பழகிய மேடையில் அவர்கள் பாடியவற்றில் பல, செல்ல தங்கையா போன்றவர்கள் எழுதிய கிராமியப் பாட்டுகள். ‘சின்ன மச்சான்’ அப்படிப் பரவி, பிறகு ‘சார்லி சாப்ளின் 2’ படத்தில் இடம்பிடித்தது. வழக்கமாகத் திரையிலிருந்து மேடைக்கு வரும் பாட்டு, அந்த முறை மேடையிலிருந்து திரைக்குப் போனது. நடுவர்களும் மக்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்றால், புதுப் பாட்டுக்குக் காது கொடுக்க மக்கள் தயார் என்றுதானே அர்த்தம்?

யூரோவிஷன் மேடையிலும் நம் வம்சத்துக்கு ஒரு தொடர்பு உண்டு. 2015இல் ஆஸ்திரேலியா முதன்முதலாக அந்தப் போட்டிக்கு அழைக்கப்பட்டபோது வியன்னாவில் பாடியவர் கை செபாஸ்டியன். மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், தந்தை வழியில் தமிழ் வேர் கொண்டவர். 2003இல் ‘ஆஸ்திரேலியன் ஐடல்’ போட்டியில் அடுத்தவர் பாட்டுகளைப் பாடி வென்றவர், வியன்னாவுக்குத் தன் சொந்தப் பாட்டோடு போனார். ஐந்தாம் இடம் கிடைத்தது. பாடகராக வென்ற ஒருவர் பாட்டு கட்டுகிறவராகவும் வளர்வதற்கு அங்கே அடுத்த படி ஒன்று இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்தப் படி இல்லை. பட்டம் வென்ற பிறகும் அவர்கள் கச்சேரிக்குக் கச்சேரி அதே பாட்டுகளைத்தான் பாட வேண்டியிருக்கிறது.

அந்தப் படியைக் கட்டுவதற்குச் சென்னையிலிருந்து ஆள் வரக் காத்திருக்க வேண்டாம். 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்தில் எட்டு வட்டங்கள் இருக்கின்றன. லுகானோவில் கூடிய நாடுகளைவிட ஒன்று அதிகம். சாரல் விழாவில் ஒரு நாள் மாலையை ஒதுக்கினால் போதும். வட்டத்துக்கு ஒரு பாட்டு, புதுப் பாட்டு, மூன்று நிமிடம். வில்லிசையாகவும் இருக்கலாம், சிந்தாகவும் இருக்கலாம், கல்லூரிப் பிள்ளைகளின் ராப்பாகவும் இருக்கலாம். அறிவிப்பில் முதலில் எழுதியவர் பெயர், அடுத்து மெட்டமைத்தவர் பெயர், அதற்குப் பிறகு பாடுகிறவர் பெயர். சங்கரன்கோவில்காரர் சங்கரன்கோவிலுக்கு ஓட்டுப் போடக் கூடாது, ஆலங்குளத்துக்கோ செங்கோட்டைக்கோதான் போட வேண்டும். சீசனில் மேடை என்றால் மாசியிலேயே அறிவிப்பு வந்துவிட வேண்டும். பாட்டு எழுதி, மெட்டுக் கட்டி, வாத்தியக்காரர்களோடு உட்கார்ந்து ஒத்திகை பார்க்க நான்கு மாதமாவது வேண்டும்.